சின்ன ஸ்ரியரிங் வீல் போட்ட பிறகு: எம்.ஜி. மிட்ஜெட், எம்.ஜி.பி கார்களில் குறி பார்த்துப் பிழை தீர்த்தல்

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.யில் பெரிய ஸ்ரியரிங் வீலைக் கழற்றி 13 அல்லது 14 அங்குல வீல் போடுவதும், சீற்றைத் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ளுவதும் ஒரு சனிக்கிழமைக்குள் முடிகிற வேலை. அதற்குப் பிறகு வரும் முறைப்பாடுகள்தான் மாதக்கணக்கில் இழுபடும். பாரமாக இருக்கிறது, நடுங்குகிறது, நேருக்கு வருவதில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் புது வீலைத்தான் குற்றம் சொல்வார்கள். முன் சில்லுகளில் ஏற்கெனவே இருந்த தேய்மானத்தை 16 அங்குல வீல் கைக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கும். சின்ன வீல் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே வீலைத் திரும்பக் கழற்ற முதல், ரயர்க் காற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே வாருங்கள்.

இங்கே சொல்வது 1961 முதல் 1979 வரை வந்த மிட்ஜெட், அதன் கூடப்பிறப்பான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். ஸ்பிறைற் 1958இல் வந்தபோது மொறிஸ் மைனரின் றாக் பினியனையும் (வீல் திரும்புவதைப் பக்கவாட்டு அசைவாக்கும் பற்சட்டமும் சிறு பற்சில்லும்) ஒஸ்ரின் ஏ35இன் முன் சஸ்பென்ஷனையும் எடுத்தே கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இன்னும் மைனரும் ஏ40உம் ஓடுவதால், இந்த வகை கிங் பின்னில் (முன் சில்லு இடமும் வலமும் திரும்பும் நிலைக்குத்து அச்சு) கை பழகிய மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் மைனரின் முன்பக்கம் ரோஷன் பாரில் (முறுகிப் பாரம் தாங்கும் இரும்புத் தண்டு) நிற்பது; மிட்ஜெட் சுருள் ஸ்பிரிங்கில் நிற்பது. மைனர்ச் சாமான் எல்லாம் அப்படியே ஏறும் என்று யாராவது சொன்னால், பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் மரையையும் கூம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தொடங்க முதல்

நட்டு போல்ற் எல்லாம் அங்குல அளவு. 13 மி.மீ. ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஏறும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; இறுகிய நட்டில் அந்த இடைவெளி போதும், மூலைகள் வழுக்கி உருண்டுவிடும். 7/16, 1/2, 9/16 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடைப்பட்ட அங்குல அளவு) ஸ்பானர் மூன்றையும் முதலில் வாங்குங்கள். ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ விட வேண்டாம். இரும்பு ஸ்ராண்ட் இரண்டு வேண்டும். சீமெந்துக் கல் அடுக்குவது கூடவே கூடாது; அது வெடிக்கிறபோது எச்சரித்துவிட்டு வெடிப்பதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வீல், ரயர், சீற் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

## "ஸ்ரியரிங் பாரமாக் கிடக்கு"

முதலில் கணக்கு. 16 அங்குல வீலிலிருந்து 14க்கு வந்தால் கைக்கு வேண்டிய பலம் சுமார் 14 வீதம் கூடும்; 13க்கு வந்தால் 23 வீதம் கூடும். கார் நிற்கும்போது இது நன்றாகத் தெரியும், 20 கி.மீ. வேகம் வந்ததும் மறைந்துவிட வேண்டும். ஓடும்போதும் தோள் நோகிற அளவுக்குப் பாரம் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

ரயர்க் காற்று. மிட்ஜெட்டில் 145 ஆர் 13 ரயருக்கு முன் 22, பின் 24 பி.எஸ்.ஐ.; எம்.ஜி.பியில் 165 ஆர் 14 ரயருக்கு முன் 21, பின் 24. காலையில், கார் ஓட முதல் பாருங்கள். அகலமான ரயர் ஏற்றியிருந்தால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு அதனுடையது. மிட்ஜெட்டுக்கு 175க்கு மேலே ரயர் போட்டுவிட்டு ஸ்ரியரிங் பாரம் என்று தேடுவது வீண் வேலை.

கிறீஸ். ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள்: கிங் பின்னின் மேலும் கீழும் ஒவ்வொன்று, அடியில் விஷ்போனோடு (சில்லைக் காரின் உடம்போடு இணைக்கும் கை) சேரும் இடத்தில் ஒன்று. தொழிற்சாலைக் கணக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 5,000 கி.மீ. தீவகப் பக்கம், கரையோரப் பக்கம் ஓடுகிற காருக்கும் மாரி வெள்ளத்துக்குள் இறங்கிய காருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. வெள்ளத்துக்குள் போய் வந்தால் அந்தக் கிழமையே கிறீஸ் அடித்துவிடுங்கள்.

காரைத் தூக்கி, சில்லு தொங்கும் நிலையில் அடியுங்கள். சில்லு நிலத்தில் இருந்தால் பாரம் தாங்குகிற முகத்துக்குக் கிறீஸ் போகாது. முதலில் வெளியே வருவது செம்மண் கலந்து கறுத்துத் தடித்த பசை, விரலில் தேய்த்தால் மணல் நறநறக்கும். புதுக் கிறீஸின் நிறம் தெரியும்வரை அடியுங்கள். இடையில் சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிட்டு இன்னும் இரண்டு அடி. நிப்பிள் கிறீஸை ஏற்காமல் கன் வாயால் பிதுக்கினால் நிப்பிளைக் கழற்றித் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் திறக்கும்.

இனிப் பாதை பிரியும் இடம். கிறீஸ் அடித்தும் பாரம் குறையவில்லையா? இரு பக்க ரை றொட் எண்டையும் (றாக்கைச் சில்லோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு) ஸ்ரியரிங் ஆமிலிருந்து கழற்றுங்கள். நட்டைத் தளர்த்தி, ஆமின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் கூம்பு விட்டுவிடும். இப்போது சில்லைக் கையால் திருப்புங்கள்.

சில்லு இறுக்கம், ஸ்ரியரிங் வீல் இலகு: பிழை கிங் பின்னில். மிட்ஜெட்டில் கிங் பின்னின் அடியை விஷ்போனில் பிடிக்கும் பின் துருப்பிடித்து விஷ்போனோடு ஒன்றாகிவிடுவது வழமை. அதைச் சூடாக்கி அடித்து எடுக்க வெளிக்கிட்டால் விஷ்போன் வளையும். வளைந்தால் விஷ்போனும் புதிதாக வேண்டும். கிங் பின் புஷ் மாற்றினால் அளவுக்கு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) போட வேண்டும். இந்த இடத்தில் நிறுத்தி, ரீமர் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

சில்லு இலகு, ஸ்ரியரிங் வீல் இறுக்கம்: பிழை றாக்கில் அல்லது ஸ்ரியரிங் தண்டில். அடுத்த இரண்டையும் பாருங்கள்.

றாக் வறண்டிருத்தல். றாக்கின் இரு முனையிலும் உள்ள றப்பர் உறை நம் வெயிலில் வெடிக்கும். உள்ளே இருப்பது கிறீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் எண்ணெய்; உறை வெடித்தால் எண்ணெய் முழுக்க ஒழுகிவிடும். எம்.ஜி.பி றாக் கொள்வது மூன்றில் ஒரு பைன்ற், சுமார் 190 மி.லீ. புது உறை போட்டு, ஒரு பக்கப் பட்டியை மட்டும் தளர்த்தி அந்தப் பக்கத்தைச் சற்று உயர்த்தி, கிறீஸ் கன்னிலோ மருந்து அடிக்கும் பெரிய ஊசியிலோ எண்ணெயை விடுங்கள். பட்டியை இறுக்கி, வீலை மெதுவாக இரு முனைக்கும் திருப்புங்கள். சில்லு தொங்கும்போது வேகமாகத் திருப்பினால் எண்ணெய் ஒரு பக்கமாக அடைந்து அழுத்தம் புது உறையையே கிழித்துவிடும்.

ஸ்ரியரிங் தண்டு கோணியிருத்தல். தொடை முட்டாமல் இருக்கத் தண்டின் மேல் பிராக்கெற்றுக்கு வோஷர் வைத்து உயர்த்துவதும், மணிக்கூட்டை மறைக்கிறது என்று தாழ்த்துவதும் பலர் செய்வது. எம்.ஜி.பியில் தண்டின் அடியில் ஒரு யுனிவேர்சல் ஜொயின்ற் (கோணத்திலும் திரும்பும் மூட்டு) உண்டு, சிறு கோணலை அது தாங்கும். மிட்ஜெட்டில் அது இல்லை. தண்டு நேராகப் பினியனில் ஏறி ஒரு போல்ற்றால் இறுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மேலே கொஞ்சம் கோணினாலும் வீல் ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுகி மறுபாதியில் விடும். அந்த நிலையில் ஓடினால் பினியன் புஷ் முட்டை வடிவில் தேயும், பினியனே வெடிக்கவும் கூடும். திருத்தும் முறை: மேல் பிராக்கெற், றாக் கிளாம்ப் எல்லாவற்றையும் தளர்த்தி, தண்டைத் தானாக அமர விடுங்கள். முதலில் அடிப் போல்ற், பிறகு றாக், கடைசியாக மேல் பிராக்கெற் என்று இறுக்குங்கள். மேலே இடைவெளி இருந்தால் போல்ற்றால் இழுத்து மூட வேண்டாம், அந்த அளவுக்குத் தகடு வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எம்.ஜி.பி பாரம் என்றால், முன் குறுக்குச் சட்டத்துக்கு ஆப்பு வடிவத் தகடு வைத்துக் காஸ்ரரை (கிங் பின் பின்னுக்குச் சாயும் கோணம்) 7 பாகையிலிருந்து 4, 5 பாகைக்குக் குறைக்கலாம். ஸ்ரியரிங் இலகுவாகும், கையை விட்டால் நேருக்கு வரும் வேகமும் குறையும். மின்சாரப் பவர் ஸ்ரியரிங்தான் கடைசி வழி, செலவும் அதற்குத்தான் கூட. மிட்ஜெட்டுக்கு அது தேவையே இல்லை. எம்.ஜி.பியில் மோட்டரின் உடம்பு முழங்கால் இருக்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். உடைத்த ஜப்பான் காரின் மோட்டரை எடுத்து, தண்டை வெட்டி முனையோடு முனை வெல்டிங் பிடித்துப் போடுகிறார்கள். அந்த வேலைக்கு உடன்படவே வேண்டாம். வெட்டிய தண்டில் ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டி யுனிவேர்சல் ஜொயின்ற் போட முடியாத இடத்தில் அந்த மாற்றத்தையே விட்டுவிடுங்கள்.

## "வீல் ஆடுது, கார் அலையுது"

சின்ன வீல் இங்கே ஏமாற்றும். 16 அங்குல வீலின் விளிம்பில் 25 மி.மீ. ஆட்டம் இருந்தால், அதே தேய்மானம் 13 அங்குல வீலில் 20 மி.மீ. மட்டும்தான் காட்டும். ஆட்டம் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்.

கார் நிலத்தில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே இருந்து வீலை இரண்டு விரல் அளவு இங்கும் அங்குமாக ஆட்டட்டும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். வீல் அசைந்து பொஸ் (வீலைத் தண்டில் பூட்டும் நடுத் துண்டு) அசையவில்லை என்றால் வீலைப் பொஸ்ஸோடு பிடிக்கும் சிறு திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. பொஸ் அசைந்து தண்டு அசையவில்லை என்றால் உடனே காரை நிறுத்துங்கள்: பொஸ் உங்கள் தண்டின் ஸ்பிளைனுக்கு உரியதில்லை அல்லது நடு நட்டு இறுகவில்லை. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு ஸ்பிளைன் மாறியிருக்கிறது. வாங்க முதல் தண்டின் பற்களை, ஒரு பல்லில் சோக் அடையாளம் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். 

அதற்குக் கீழே பினியன் போல்ற், எம்.ஜி.பியில் யுனிவேர்சல் ஜொயின்ற், பிறகு றாக் கிளாம்ப். றாக் முழுதாகப் பக்கவாட்டில் அசைந்தால் கிளாம்பை இறுக்கினால் போதும். றாக் நின்று ரை றொட் மட்டும் தாமதமாக அசைந்தால் உறைக்குள்ளே இருக்கும் உள் மூட்டுத் தேய்ந்தது. உறைக்கு மேலாகவே பிடித்துப் பார்க்கலாம். வெளி முனையில் ரை றொட் எண்ட். இது எல்லாவற்றிலும் மலிவானது, அரை மணி நேர வேலை. கழற்ற முதல் மரையில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி அதே அளவுக்குப் புதிதை ஏற்றுங்கள்.

இனிக் காரைத் தூக்கி, சில்லை மேலும் கீழுமாக, 12 மணி 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே இருப்பவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் பெயரிங்; மறையாவிட்டால் கிங் பின். எம்.ஜி.பி பெயரிங் தகடு வைத்துச் சரிசெய்வது, இரண்டு முதல் நான்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் விட்டிருக்க வேண்டும். மிட்ஜெட்டில் அப்படிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை, நட்டை முழுதாக இறுக்கியும் ஆடினால் பெயரிங் புதிது போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் மிட்ஜெட் நட்டைத் தளர்த்தி வைப்பவர்கள் பெயரிங்கைக் கொன்றுவிடுகிறார்கள்.

மேலே ஷொக் அப்சோபரின் கையையும் பாருங்கள். இந்தக் கார்களில் அதுதான் மேல் விஷ்போனும்கூட. கை தன் உடம்புக்குள் முன் பின்னாக அசைந்தால் தண்டுத் துவாரம் தேய்ந்தது. எண்ணெய் விட்டுப் பயனில்லை, முழுதாக மாற்ற வேண்டும்.

முன்பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தும் கார் அலைந்தால்: எம்.ஜி.பியில் முன் குறுக்குச் சட்டத்தின் றப்பர்த் தட்டுகள் நசிந்திருக்கும். இரண்டு காரிலும் பின் ஸ்பிரிங்கின் யூ போல்ற்றும், ஸ்பிரிங் பூட்டப்படும் இடத்தின் தகடும் பார்க்க வேண்டியவை. உப்புக் காற்றில் அந்தத் தகடு உள்ளிருந்து உளுத்துவிடும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். குத்தியது உள்ளே போனால் ஸ்ரியரிங் வேலையை நிறுத்திவிட்டு ரிங்கர் (தகட்டு) வேலைக்கு விடுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் ஓடிப் பார்த்துவிட்டுக் கார் அலைகிறது என்று முடிவெடுக்கவும் கூடாது. இவ்வளவு இலகுவான காரைப் பக்கக் காற்று தள்ளத்தான் செய்யும்.

## "முழங்கால் முட்டுது, தொடை உரசுது"

ஆறடிக்குக் கிட்டிய உயரமானவர் மிட்ஜெட்டில் இருந்தால் இது வரும். எதை வெட்டுவது என்று யோசிக்க முதல், வெட்டாமல் கிடைக்கிற இடத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அது நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சீற் தண்டவாளம் துருவில் பாதியில் நின்றிருக்கும். சீற்றைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் துடைத்துக் கிறீஸ் பூசினாலே பல கார்களில் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். பிறகு சீற்றைத் தூக்கி நிற்கும் அடிக்கட்டை. எம்.ஜி.பியில் தண்டவாளத்துக்குக் கீழே மரச் சட்டமும் வளையங்களும் இருக்கும். மரத்தை எடுத்தால் ஒரு விரல் தடிப்புக்குத் தாழும். எடுத்த பிறகு தண்டவாளம் விரிப்பில் தேய்க்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள், நெம்புகோலுக்கும் இடம் வேண்டும்.

அடுத்தது மெத்தை. முன்பு யாரோ அடைத்த புதுப் பஞ்சு பெரும்பாலும் தேவைக்கு மேலே தடிப்பாக இருக்கும். குஷன் வேலை செய்பவரிடம் அடிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவில் வெட்டச் சொல்லுங்கள்: பின்னால் 30 மி.மீ., முன்னால் 10 மி.மீ. முழுக்க ஒரே அளவு வெட்டினால் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போய், பருத்தித்துறை போய் வருவதற்குள் இடுப்பு நோகும். ஒரேயடியாக வெட்ட வேண்டாம்; 10 மி.மீ. வெட்டி, மேல் உறை மாட்டாமல் இருந்து பாருங்கள், பிறகு அடுத்த வெட்டு.

இனி வீல். 16இலிருந்து 13 அங்குலம் வந்தால் அடி விளிம்பு ஒன்றரை அங்குலம் உயரும். தொடைக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவே. நடு உள்ளே குழிந்த வீல் விளிம்பை உங்கள் நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவரும். உயரமானவர் தட்டை வீலும் கட்டைப் பொஸ்ஸும் எடுப்பது நல்லது. தோள் சீற்றில் ஒட்டியிருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் மேல் விளிம்பில் விழ வேண்டும்; வீலின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் இடையில் 25 செ.மீ. குறையக் கூடாது.

காசு கொடுக்க முதல் தடித்த கார்ட்போட்டில் 13, 14 அங்குல வளையம் இரண்டு வெட்டி, பழைய வீலுக்கு மேலே செலோரேப்பால் ஒட்டி, சீற்றில் இருந்து பாருங்கள். 13 அங்குல விளிம்பு வேகமானியின் மேல் பாதியை மறைக்கும் காரும் உண்டு, 14 அங்குல விளிம்பு எண்ணெய் அழுத்த முள்ளுக்கு நேரே வரும் காரும் உண்டு. அது உங்கள் இருப்பு உயரத்தைப் பொறுத்தது. கார்ட்போட் சொல்லும் பதிலை எந்தக் கடையும் சொல்லாது. பெரும்பாலானவர்களுக்கு 14 போதும் என்பதே எங்கள் கணிப்பு.

காலடியில், மிட்ஜெட்டின் மூன்று மிதியும் மிகக் கிட்டக் கிட்ட இருக்கும். அகலச் சப்பாத்து பிறேக்கையும் அக்சிலேற்றரையும் சேர்த்து மிதிக்கும். றப்பர்ச் செருப்போடு ஓட்டுவது அதைவிட ஆபத்து, செருப்பின் முனை கிளச்சுக்குக் கீழே மடங்கிச் சிக்கும். முதலில் ஒடுங்கிய சப்பாத்து. பிறகு தேய்ந்த மிதி றப்பரைப் புதிதாக்குங்கள். பிறகு விரிப்பின் தடிப்பைக் குறையுங்கள். அக்சிலேற்றர் மிதியைக் கொஞ்சம் வளைக்கலாம். பிறேக் மிதியின் கையைச் சூடாக்கி வளைப்பது கூடாது.

இவ்வளவும் செய்தும் இடம் போதாதவர்கள் தரையின் குறுக்குச் சட்டத்தையும் சீற்றுக்குப் பின் சுவரையும் வெட்டக் கேட்பார்கள். இந்தக் கார்களுக்குத் தனிச் சேசிஸ் இல்லை. தரையும் குறுக்குச் சட்டமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும் சேர்ந்துதான் கார். கூரையும் இல்லாத உடம்பு இது. வெட்ட யோசிக்க முதல் ஒரு சோதனை: கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதுங்கள், பின்பக்கத்தை ஜக்கால் தூக்குங்கள், திரும்ப அளவுங்கள். இடைவெளி மாறினால் அல்லது கதவு இறுகினால் பெட்டிச் சட்டம் ஏற்கெனவே உளுத்திருக்கிறது. அப்படிப்பட்ட காரில் எதையும் வெட்டக் கூடாது. மாறாவிட்டாலும் சட்டத்தை வெட்டி அதே பலத்துக்குப் பெட்டி மடித்து வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்; வேலை முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

சீற்றே ஆடினால்: போல்ற்றை இறுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தரைக்குள் இருக்கும் நட்டு அறுந்துவிட்டது அல்லது தகடு உளுத்துவிட்டது. நல்ல தகட்டில் என்றால் அடியில் 3 மி.மீ. தடிப்பில் 50 மி.மீ. சதுர இரும்புத் தகடு வைத்து இறுக்கலாம். உளுத்த தகட்டில் அந்தச் சதுரமும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், தரை வெட்டி வெல்டிங் பிடிக்க வேண்டும். சீற் பட்டியின் பிடிப்பு வேறு விஷயம், அதற்கு 7/16 அங்குல யு.என்.எஃப். (நுண் மரை) போல்ற் மட்டும்.

## "நேரே ஓடேக்கை வீல் கோணலா நிக்குது"

வீலை ஒரு பல் தள்ளி ஏற்றியிருக்கலாம். அல்லது றாக் நடுவில் இல்லை. ரை றொட்டைத் திருகிச் சமாளிக்க வேண்டாம். அது பிழையைச் சில்லுக்கு மாற்றிவிடும், ஒரு பக்கம் கூட வளையும், ரயர் உள்ளே உரசும்.

வீலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பிச் சுற்றை எண்ணுங்கள். மிட்ஜெட்டில் சுமார் இரண்டேகால் சுற்றுக்குச் சற்று மேல், எம்.ஜி.பியில் ஏறத்தாழ மூன்று. அதன் சரி பாதியில் நிறுத்துங்கள். அந்த நிலையில் முன் சில்லு நேராக நின்றால் ரை றொட் சரி, வீலை எடுத்து நேராக ஏற்றினால் முடிந்தது. சில்லு கோணி நின்றால் இரு ரை றொட்டிலும் வெளியே தெரியும் மரையை அளந்து சமமாக்குங்கள், ஒரு பக்கம் எவ்வளவு உள்ளே போகிறதோ மறு பக்கம் அவ்வளவு வெளியே.

வீலை எடுக்கும்போது நடு நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரையில் விட்டு, வீலின் இரு பக்கத்தையும் மாறி மாறி இழுங்கள். முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால் வீல் மூக்கில் வந்து அடிக்கும். மோதினால் சுருங்கும் வகைத் தண்டு உள்ள பிந்திய மாடலில் தண்டின் முனையில் சுத்தியல் படவே கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் ஊசிகள் அறுந்துவிடும்.

பிறகு முன் சில்லின் ஒடுக்கம். சீமெந்துத் தரையில் காரை நேராக முன்னுக்குத் தள்ளி நிறுத்தி, இரு ரயரின் பின்புறத்திலும் அச்சு உயரத்தில் சோக் கோடு இட்டு இடைத் தூரத்தை அளவுங்கள். கோடு முன்புறம் வரும்வரை காரைத் தள்ளித் திரும்ப அளவுங்கள். முன்புறம் குறைவாக இருக்க வேண்டும்: மிட்ஜெட்டில் 0 முதல் 3 மி.மீ., எம்.ஜி.பியில் 1.5 முதல் 2.3 மி.மீ. வீட்டு அளவு கராஜுக்கு ஓடிப் போகப் போதுமானது. கடைசி அளவை அலைன்மென்ற் கருவியில் எடுங்கள்.

## "ஹோர்ண் தானா அடிக்குது, சிக்னல் தானா நிக்குதில்லை"

இந்தக் கார்களில் ஹோர்ணுக்கு எப்போதும் மின் இருக்கும், பொத்தான் எர்த்தை மட்டும் கொடுக்கும். ஆகவே பொஸ்ஸுக்குள் வயர் எங்காவது இரும்பில் தொட்டால் ஹோர்ண் நிற்காமல் அடிக்கும். திருப்பும்போது மட்டும் அடித்தால் வயர் நசிகிறது, அடிக்கவே இல்லை என்றால் தொடுமுனை எட்டவில்லை. பற்றறியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஏறத்தாழ 1967 வரைக்கும் வந்தவை பாசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பாசிற்றிவ் முனை காரின் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும். திரும்பப் பூட்டும்போது முனை மாறக் கூடாது.

சிக்னல் தானாக நிற்காவிட்டால், பழைய பொஸ்ஸில் இருந்த சிறு பல்லோ வளையமோ புதிதில் இல்லை அல்லது எட்டாத தூரத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் நின்று மறு பக்கம் நிற்காவிட்டால் பொஸ் தன் நடுவில் இல்லை.

## "அறுபது எழுபதிலை நடுங்குது"

பெரிய வீலின் கனமே இந்த நடுக்கத்தில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் முன் இரண்டு சில்லையும் பலன்ஸ் பாருங்கள். ரயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் செய்த கிழமையும் ஆண்டும்: 2314 என்றால் 2014இன் 23ஆம் கிழமை. பூ நிறைய இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய ரயர் உள்ளே கெட்டிருக்கக் கூடும்; பலன்ஸ் பிடித்தாலும் நடுங்கலாம்.

கம்பிச் சில்லு என்றால் தூக்கிச் சுற்றிவிட்டு, விளிம்புக்குக் கிட்ட ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி 2 மி.மீ.க்கு மேலே கூடிக் குறைந்தால் கம்பி இறுக்கிச் சரிசெய்ய வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிறேக்கை மிதித்து விடும்போது "டக்" என்று கேட்டால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. பல் கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் அந்தச் சில்லில் ஓடக் கூடாது. ஹப்பையும் சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டும். புது ஹப்பில் பழைய சில்லு ஏற்றினால் அதுவும் விரைவில் தின்றுவிடும். நடு நட்டு இடப் பக்கம் வழமையான மரை, வலப் பக்கம் எதிர் மரை. பக்கம் மாறிப் போட்டால் ஓட ஓடத் தளரும்.

இவை சரி என்றால் ஷொக் அப்சோபரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள், ஒரு மணல் உள்ளே போனாலும் வால்வு கெடும்.

## "கையை விட்டா நேருக்கு வருதில்லை, ஒரு பக்கம் இழுக்குது"

நேருக்கு வராதது பெரும்பாலும் கிங் பின் இறுக்கம். மேலே சொன்ன கிறீஸும் ரை றொட் கழற்றிப் பார்க்கும் சோதனையும் இங்கேயும் அதே. எம்.ஜி.பிக்குக் காஸ்ரர் ஆப்பு வைத்திருந்தால் கொஞ்சம் சோம்பல் இருக்கும், அது பிழையில்லை.

ஒரு பக்கம் இழுப்பதற்கு முதலில் வீதியைப் பாருங்கள். எங்கள் வீதிகள் இடப் பக்கம் சரிந்தவை. கையை இலேசாக விட்டால் எந்தக் காரும் மெல்ல இடப் பக்கம்தான் போகும். சமமான வெறும் மைதானத்தில் ஓடிப் பார்த்தும் இழுத்தால், முன் ரயர் இரண்டையும் பக்கம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் ரயர்தான். மாறாவிட்டால் ஐந்து கிலோமீற்றர் பிறேக்கை அதிகம் பாவிக்காமல் ஓடி நிறுத்தி, இரு ஹப்புக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் தெளிவாகச் சுட்டால் அந்தப் பக்கப் பிறேக் பிடித்தபடி நிற்கிறது. கலிப்பர் பிஸ்ரன் துரு, அல்லது உள்ளே வீங்கிய பிறேக் குழாய். குழாய் மலிவு, முதலில் அதை மாற்றுங்கள். முழுத் திருப்பத்தில் புதுக் குழாய் ரயரில் உரசவில்லை என்று இரு பக்கமும் பார்த்த பிறகே காரை நிலத்தில் இறக்குங்கள்.